குத்துவது வேறு, தீட்டுவது வேறு... ஜவ்வாது மலையில் சாமை சொல்லித்தரும் வீட்டுவேலைத் தமிழ்!

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் பஸ் ஏறினால், அத்திமூர் தாண்டியதும் மலைப்பாதை தொடங்கிவிடும். பீமன் நீர்வீழ்ச்சி, படகுச் சவாரி, கோடை விழா என்று சுற்றுலாப் பயணிகளுக்கு மேலே நிறைய இருக்கிறது. இறங்கும்போது பலரின் பையில் தேனும் சாமை அரிசியும் இருக்கும். அந்தச் சாமை அரிசியாவதற்குள் எத்தனை வேலைகள், ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை சொற்கள் தெரியுமா?

ஜவ்வாது மலையில் வாழ்பவர்கள் மலையாளி பழங்குடியினர். பெயரைக் கேட்டதும் கேரளாவை நினைத்துவிடாதீர்கள். மலையை ஆள்பவர்கள் என்பதுதான் பொருள். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களின் வழிவழிக் கதை. பேசுவது தமிழ்தான்.

அவர்களின் முக்கியப் பயிர் சாமை. கடுகைவிடக் கொஞ்சம் பெரிய மணி, மேலே இறுகிய உமி. உரலில் போட்டு உலக்கையால் உமியை நீக்குவது 'குத்துவது'. உமி போன பிறகு தவிட்டைப் போக்க மறுபடி போடுவது 'தீட்டுவது'. மாவாக்கினால் 'இடிப்பது'. ஒரே உரல், ஒரே உலக்கை. வேலை மாறினால் சொல்லும் மாறிவிடும்.

முறத்தைக் கையில் எடுத்தால் இன்னும் நுணுக்கம். மேலும் கீழுமாகத் தட்டி உமியைப் பறக்கவிட்டால் புடைப்பது. பக்கவாட்டில் அசைத்துக் கல்லையும் குறுநொய்யையும் ஒதுக்கினால் கொழிப்பது. மெல்லத் தட்டி மாவைப் பிரித்தால் தெள்ளுவது. நேம்புவது என்று இன்னொன்றும் உண்டு. ஊருக்கு ஊர் அர்த்தம் கொஞ்சம் நகரும் என்றாலும், முறம் பிடித்த கைக்கு வித்தியாசம் தெரியும். இதைப் புத்தகம் பார்த்துக் கற்பது கடினம். மணிக்கட்டு எப்படி அசைகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இப்போது மெஷின் வந்துவிட்டது. 'அரைச்சுட்டு வா' என்ற ஒரே சொல்லில் பாதி வேலை முடிந்துவிடுகிறது. இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது? சொல் பிழைக்க வேண்டும் என்பதற்காக ஒரு பெண் தோள் வலிக்க உலக்கை போட வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. ஆனால், மலைப் பிள்ளைகள் பலர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கிறார்கள். பாட்டி முறம் எடுக்கும் நேரத்தில் பேத்தி விடுதியில் இருக்கிறாள். பாடப்புத்தகத் தமிழ் அவளுக்கு வந்துவிடும். அடுப்படித் தமிழ் எங்கிருந்து வரும்?

ஸ்பெயினும் பிரான்ஸும் சந்திக்கும் மலைப்பகுதியில் பேசப்படும் பாஸ்க் மொழிக்கும் இதே சிக்கல் வந்தது. எந்த மொழிக் குடும்பத்தோடும் சேராத மொழி அது. ஃபிராங்கோ ஆட்சியில் பொது இடங்களில் ஒடுக்கப்பட்டு, பல வீடுகளில் பிள்ளைகளுக்குப் போய்ச் சேராமல் நின்றது. இன்று பெரியவர்களே வகுப்புக்குப் போய்க் கற்கிறார்கள். அங்கே 'எச்சேகோ லானாக்', அதாவது வீட்டுவேலை, ஒரு பாடம். பெருக்குவது, பாத்திரம் கழுவுவது, துணி துவைப்பது எல்லாம் வாக்கியப் பயிற்சிகள்! 1968-ல் உருவாகத் தொடங்கிய பொது பாஸ்க் மொழியைத்தான் பெரும்பாலும் கற்பிக்கிறார்கள். கிராமத்துப் பாட்டியின் சமையலறைச் சொல் அதில் இல்லாமலும் போகலாம்.

அந்த வகையில் தமிழுக்கு ஓரளவு அதிர்ஷ்டம் உண்டு. கரிசல் சொற்களை கி.ராஜநாராயணனும், கொங்குச் சொற்களை பெருமாள்முருகனும், நடுநாட்டுச் சொற்களை கண்மணி குணசேகரனும் அகராதிகளாகத் தொகுத்துவிட்டார்கள். ஜவ்வாது மலை வீடுகளுக்கு என்று ஒரு நோட்டுப் போட்டால், சாமையிலிருந்தே தொடங்கலாம். பள்ளிப் பிள்ளைகள் லீவுக்கு வீட்டுக்கு வரும்போது பாட்டியிடம் கேட்டு எழுதிவரச் சொன்னாலே பாதி நோட்டு நிரம்பிவிடும்.

நீங்கள் மலையேறும்போது சாமை வாங்கினால், விற்கும் அக்காவிடமோ ஆயாவிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள்: 'இது மெஷின்ல போட்டதா, குத்துனதா?' வீட்டுக்கு வந்து சமைக்கும்போது இரண்டு பாத்திரத்தில் மாற்றி மாற்றித் தண்ணீர் ஊற்றி, அடியில் தங்கும் கல்லை விட்டுவிடுங்கள். முறம் இல்லாத வீட்டிலும் செய்யக்கூடிய அந்த வேலைக்குப் பெயர், அரிப்பது.