மலையேறிய மல்லிகை

நிலத்துக்கொரு மலரை வகுத்த நம் முன்னோர் மலைக்குக் குறிஞ்சியைக் கொடுத்தனர். மல்லிகையை அங்கு கொண்டுபோகும்படி எவரும் சொல்லவில்லை. ஆயினும், 1986இல் மணமாகி நுவரெலியாவுக்கு வந்த மயிலிட்டிப் பெண்ணொருத்தி, தாய்வீட்டுக் கிணற்றடி மல்லிகையிற் பதியம்வைத்த கன்றொன்றை ஈரச்சாக்கிற் சுற்றிக் கொண்டுவந்தாள்.

நுவரெலியா ஏறத்தாழ 1868 மீற்றர் உயரத்திலுள்ளது. ஆண்டின் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவினது. கடற்கரை வெயிலிற் பிறந்த கொடி அங்கே என் செய்யும்? "ரோசா வையுங்க அக்கா, மல்லிகை இங்க வராது" என்றனர் அயலார். அவர்கள் சொன்னதிற் பிழையில்லை. முதலாண்டிலேயே இலைகள் மஞ்சளித்தன. வாடுகிறதே என்று அவள் நாள்தோறும் நீரூற்றினாள். குளிரில் ஒடுங்கிக் கிடந்த வேருக்கு அந்தப் பரிவே நஞ்சாயிற்று. வேர் பாதி அழுகிய பின்னரே அது அவளுக்கு விளங்கிற்று.

எஞ்சியதை, அடியில் துளையிட்ட மண்ணெண்ணெய்த் தகரத்தில் மணல் கலந்த மண்ணிட்டு நட்டு, மேற்குப் பார்த்த குசினிச் சுவரோரம் வைத்தாள். பகலில் வெயிலை வாங்கிய கருங்கற்சுவர் இரவில் அவ்வெப்பத்தைச் சிறிது சிறிதாக விடும். மேல்மண் காய்ந்த பின்பே நீர். அதுவும் ஒரு குவளை. தை, மாசியில் முகிலற்றுக் காற்றும் அடங்கிய இரவுகளே கொடியவை. போர்வையாய் நிற்க முகில் இல்லாதபோது நிலத்தின் சூடு வானுக்குப் போய்விடும். விடியலிற் புல்லின்மேல் உறைபனி வெள்ளையாய்ப் படியும். தேயிலைக் கொழுந்தும் கருகும். அத்தகைய மாலைகளில் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் தகரத்தை உள்ளே தூக்குவது, விளக்கேற்றுவதுபோல அவளுக்கு வழக்கமாயிற்று. பனிக்காலம் கழிந்ததும் கொடியைக் கத்தரிப்பாள். மல்லிகை புதுத்தளிரிலேயே பூப்பது. 1989 சித்திரையில் ஏழு பூக்கள். சரந்தொடுக்கப் போதா, சுவாமிப் படத்துக்குப் போதும்.

1990இல் மயிலிட்டி மக்கள் இடம்பெயர்ந்தனர். தாய்வீடும் கிணற்றடியும் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டன. தாய் ஊர் திரும்பாமலே கண்மூடினாள். அதன்பின் அத்தகரத்தைப் பற்றி வீட்டில் எவரும் பகடி பேசவில்லை. அவள்தான் முன்னிலும் அஞ்சினாள். ஓர் இரவு மறந்தாலும் அந்தக் கிணற்றடியின் வழி அற்றுவிடும்.

2017இல் காணி விடுவிக்கப்பட்டபோது வீடு இருக்கவில்லை. பற்றைக்குள் கிணற்றுக்கட்டு மட்டும் இருந்தது. மலையிலிருந்து கொண்டுவந்த பதியக்கன்றை அதனருகே நட்டு, ஒரு குவளை நீர் வார்த்து, பழகிய கை அவ்வளவில் நின்றது.

"ஊத்துங்கோ அம்மா, இது மயிலிட்டி" என்று சொல்லி, மகன் வாளியைக் கவிழ்த்தான்.