ஒரு நாளும் ஒரு வாயிலும்

வெளியூர் காணச் செல்வோருள் பெரும்பாலோர் அவ்வூரை அடைந்த பின்னரே, அங்குக் காணத்தக்கது யாது என்று கேட்கத் தொடங்குகின்றனர். கையில் பத்து நாள் உடையவர்க்கு இதனால் பெரிய இழப்பொன்றுமில்லை. ஆனால், ஒரேயொரு பகற்பொழுதை வைத்துக்கொண்டு எண்ணூறு ஆண்டு வரலாறுடைய ஊருக்குள் நுழைவோர், எதைக் காண்பது என்பதோடு எதைக் காணாது விடுவது என்பதையும் முன்னரே துணிந்துகொள்ள வேண்டும். வரும் ஆண்டில் ஜப்பான் தேசம் செல்லக் கருதியுள்ள நமக்கு, அத்தேசத்துப் பழைய நகரமாகிய காமகுராவைக் காண ஒதுக்கக் கிடைத்தது ஒரு நாளே. அந்நாளை எவ்வாறு செலவிடுவது என்று நாமும் நமது துணைவியாரும் தமக்கையாரும் கூடி ஆராய்ந்தோம். அவ்வாராய்ச்சியில் தெளிந்த கருத்தொன்றை அன்பர்கள் முன் வைக்க விழைகின்றோம்.

காமகுரா, டோக்கியோ மாநகரிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மூன்று புறமும் குன்றுகள் சூழ, நான்காம் புறம் கடல் கிடக்கின்றது. பகைவர் எளிதிற் புகவொண்ணாத இவ்விடத்தை மினமோத்தோ யொரித்தோமோ என்னும் போர்த்தலைவர் 1180 ஆம் ஆண்டில் தமது இருப்பிடமாகக் கொண்டார். 1192 இல் அவர் ஷோகுன் என்னும் பட்டம் எய்தினார். பேரரசர் கியோட்டோ நகரில் வீற்றிருக்க, வாளேந்தியோரின் ஆட்சி காமகுராவிலிருந்து நடந்தது. 1333 இல் அவ்வாட்சி வீழ்ந்தது. மடங்களும் கோயில்களும் எஞ்சின.

நாம் முதலில் வகுத்த திட்டம், எல்லா வழிகாட்டி நூல்களிலும் காணப்படுவதே. செக்குரோல் எழுதிப் பழகிய கையாதலின், பகலைக் கட்டங் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஓரிடத்தின் பெயரைக் குறித்தோம். முதலாவது, கோத்தோக்குயின் மடத்துப் பெரிய புத்தர். 1252 இல் வார்க்கத் தொடங்கப்பெற்ற இவ்வெண்கலத் திருவுரு பதினொரு மீட்டருக்கு மேல் உயரமும் 121 டன் எடையும் உடையது. இதனை மூடியிருந்த மண்டபம் புயலாலும் கடல்கோளாலும் அழிந்துபட, பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதி முதல் புத்தர் பெருமான் வெயிலிலும் மழையிலும் திறந்தவெளியிலேயே அமர்ந்திருக்கின்றார். இரண்டாவது, யொரித்தோமோ இன்றுள்ள இடத்துக்கு மாற்றி அமைத்த ஹச்சிமன் கோயில். அதன் படிக்கட்டின் பக்கத்தில் நின்ற முதுபெரும் கிங்கோ மரம் 2010 மார்ச்சு மாதத்துப் பெருங்காற்றில் வீழ்ந்தது. அதன் வேரினின்றும் புதுத்தளிர் கிளம்பியதை மக்கள் போற்றிக் காத்து வருகின்றனர். மூன்றாவது, ஹாசே மடத்தில் ஒன்பது மீட்டருக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் மரத்தாலாகிய கன்னோன் உருவம். பின்னர்க் கடைத்தெரு; இறுதியில் கடற்கரை. திட்டம் குறையின்றி முடிந்ததென்றே எண்ணினோம்.

நிற்க. வழிகாட்டி நூலின் ஒரு மூலையில், டோக்கெய்-ஜி என்னும் சிறு மடத்தைப் பற்றி இரண்டே வரி இருந்தது. பூக்கள் அழகியவை என்பது ஒரு வரி. பண்டு பெண்கள் ஓடிவந்து அடைக்கலம் புகுந்த இடம் என்பது மற்றொரு வரி. நமது துணைவியார் இதனை வாய்விட்டுப் படித்தார். அதுகாறும் எதனையும் வேண்டுமென்று கேளாதிருந்த தமக்கையார், “தம்பி, அந்த இடம் உன் கணக்கில் எத்தனை மணிக்கு வருகிறது?” என்று வினவினார். நமது கணக்கில் அஃது இடம்பெறவேயில்லை. அன்றிரவே அம்மடத்தின் வரலாற்றைத் தேடிப் படிக்கலாயினோம்.

மங்கோலியப் படையெடுப்பை எதிர்த்து நின்ற ஆட்சித் தலைவர் ஹோஜோ டோக்கிமுனே என்பார், அப்போரில் இருதரப்பிலும் மாண்டோரின் நினைவாக 1282 இல் எங்ககு-ஜி என்னும் பெருமடத்தை எழுப்பினார். ஈராண்டில் அவர் காலமானார். துறவு பூண்ட அவர்தம் மனைவியார் ககுசான்-நி, 1285 இல் டோக்கெய்-ஜி மடத்தைத் தோற்றுவித்தார். கணவரின் மடம் இறந்தோரை நினைத்தது. மனைவியாரின் மடமோ உயிரோடிருக்கும் பெண்களுக்குப் பயன்பட்டது. கணவனிடம் வாழவொண்ணாத பெண் இவ்வாயிலுள் புகுந்துவிட்டால் அவளை எவரும் இழுத்துச் செல்லலாகாது என்னும் விதி ககுசான்-நி காலத்திலேயே உண்டாயிற்று என்பது மரபுவழிச் செய்தி. டோக்குகவா ஷோகுன்களின் காலத்தில் அரசே இவ்வுரிமையை ஏற்று நின்றது. அக்காலத்தே ஜப்பான் முழுமையிலும் இத்தகைய உரிமை பெற்ற மடங்கள் இரண்டே. அவற்றுள் ஒன்று இது.

அந்நாட்டில் அக்காலத்து வழக்கம் யாதெனின், கணவன் மூன்றரை வரியில் ஒரு விலக்குச் சீட்டு எழுதித் தந்தால் மணம் முறிந்துவிடும். அச்சீட்டு இன்றி மனைவி மறுமணம் செய்தல் இயலாது. சீட்டு எழுதும் உரிமையோ அவளுக்கில்லை. அத்தகையவள் டோக்கியோவின் பழம்பெயராகிய எடோவினின்றும் கால்நடையாகப் புறப்பட்டுக் காமகுரா வந்து சேர்வாள். துரத்தி வருவோர் எட்டிப்பிடிக்கும் தருணத்தில், தன் காலணியை வாயிலுள் எறிந்துவிட்டாலும் அவள் உட்புகுந்தவளாகவே கருதப்பட்டாள் என்று கூறுவர். பின்னர் மடத்து அதிகாரிகள் இருவீட்டாரையும் அழைத்துப் பேசுவர். இணக்கம் உண்டாயின் வீடு திரும்புவாள். கணவன் சீட்டுத் தந்தால் விடுதலை பெறுவாள். அவன் மறுத்தால் மடத்துள் இருபத்துநான்கு மாதம் பணி செய்து வாழ்வாள். அத்தவணை முடிந்ததும் கணவன் சீட்டுத் தந்தே தீரவேண்டும்.

இதனைப் பொற்காலமென்று புகழ நாம் ஒருப்படோம். ஆடவன் மூன்றரை வரியில் பெற்ற விடுதலைக்குப் பெண் ஈராண்டு வாழ்நாளை விலையாகக் கொடுத்தாள். நடக்க வலியிருந்தவளும் வழியறிந்தவளுமே அவ்வாயிலை எட்டினர். எட்டாது போனவர்களை வரலாறு எழுதி வைக்கவில்லை. 1871 இல் அம்மடத்தின் உரிமை நீங்கிற்று. 1873 இல் மனைவியும் நீதிமன்றம் சென்று மணவிலக்குக் கேட்கலாம் என்று சட்டம் பிறந்தது. இன்று அங்குப் பிக்குணிகள் இல்லை. டோக்கெய்-ஜி, எங்ககு-ஜியின் கிளை மடமாக இருக்கின்றது. மனைவியார் எழுப்பிய மடம் கணவரின் மடத்துக்குக் கீழ் அடங்கிய விந்தையையும் அன்பர்கள் குறித்துக்கொள்வார்களாக. ஆயினும், பெண்ணுக்குச் சட்டம் சிறிதும் துணை நில்லாத காலத்தில் கதவொன்று துணை நின்றது என்பதை மறுப்பார் யார்?

நமது நாட்டு நிலையோ இதற்கு நேர்மாறானது. மலேசியாவில் முஸ்லிம் அல்லாதார்க்குரிய திருமண, மணவிலக்குச் சட்டம் 1976 இல் இயற்றப்பெற்று, 1982 மார்ச்சு முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. குடும்ப வன்முறைக்கு எதிரான சட்டம் 1994 இல் வந்தது. இவ்விரண்டும் நடப்பிலிருந்த காலத்தில்தான் நமது தமக்கையார் உடம்பெல்லாம் கன்றிய நிலையில், கைக்குழந்தையோடு தோட்டத்து வீட்டுக்கு மீண்டு வந்தார். நாம் அப்போது பள்ளிப் பிள்ளை. ஊர்ப் பெரியோர் கூடி, குடும்பம் என்றால் இதெல்லாம் உண்டென்றும், பெண்தான் பொறுத்துப் போகவேண்டும் என்றும் உரைத்து, அவரை இருமுறை திருப்பியனுப்பினர். சட்டம் புத்தகத்தில் இருந்தது. அச்சட்டத்தை அடையும் வரையில் ஒரு பெண் எங்கே படுத்து உறங்குவாள் என்று அக்கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. மூன்றாம் முறை அவர் வந்தபோது, நமது அன்னையார் மகளையும் பேரக்குழந்தையையும் உள்ளே விட்டு, வாயிற்படியில் தாமே அமர்ந்துகொண்டார். பெரியோர் வந்து பேசிப் பார்த்துத் திரும்பிச் சென்றனர். பின்னர் வழக்குத் தொடுக்கவும் விலக்குப் பெறவும் முடிந்ததென்றால், அந்த வாயிற்படியே அதற்குக் காரணம்.

ஆதலின், திட்டத்தைத் திருத்தி எழுதினோம். வாரநாள் ஒன்றைத் தேர்ந்தோம்; ஹைட்ரேஞ்சியா மலரும் ஜூன் மாதமும் விடுமுறை நாட்களும் கூட்டம் மிக்கவை. காலை எட்டு மணியளவில் டோக்கியோவில் யொக்கோசுக்கா தடத்து இரயில் ஏறுவோம். பலர் காமகுரா நிலையத்தில் இறங்குவர். நாம் அதற்கு முந்திய கித்தா-காமகுரா நிலையத்திலேயே இறங்குவோம். எங்ககு-ஜி அந்நிலையத்தை ஒட்டியுள்ளது. அதனை வெளியே நின்று வணங்கிவிட்டு, சில நிமிட நடையில் டோக்கெய்-ஜியை அடைந்து, கற்படி ஏறி அவ்வாயிலுள் நுழைவோம். அவ்விடத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கியுள்ளோம். பூக்களைப் பார்க்க இது மிகுதிதான். ஆயினும் நமது தமக்கையார் அங்கு உட்கார்ந்திருக்க விரும்புகின்றார்.

அதன்பின், 1253 இல் தோன்றிய கென்ச்சோ-ஜி மடத்தின் வழியாக நடந்து ஹச்சிமன் கோயிலை அடைந்து, வீழ்ந்த மரத்தின் தளிரைக் கண்டு, கடைத்தெருவில் உண்போம். பின்னர் எனோதென் என்னும் சிறு இரயிலில் ஏறினால் மூன்றாவது நிலையம் ஹாசே. மடங்கள் மாலையில் வாயிலை அடைத்துவிடுமாதலின், மூன்று மணிக்குள் பெரிய புத்தரைக் காணவேண்டும். ஹாசே மடத்துக் கன்னோன் உருவத்தை இம்முறை விட்டுவிட்டோம். கடற்கரை, பொழுதிருந்தால். கட்டங்களில் பெயர் குறைந்ததற்கு எவர்க்கும் வருத்தமில்லை. துணைவியார் மட்டும், கடைத்தெருவின் நேரத்தைக் குறைக்கலாகாது என்று ஒரு நிபந்தனை விதித்துள்ளார்.

அன்பர்காள்! நம் ஊர்தோறும் கோயில் உண்டு, மன்றம் உண்டு, திருவிழாவுக்கென்று கட்டிய மண்டபம் ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கின்றது. நள்ளிரவில் குழந்தையோடு வரும் பெண்ணுக்கு, உட்புறம் தாழிட்டுக்கொள்ளத்தக்க ஓர் அறையை அவற்றுள் எத்தனை வைத்திருக்கின்றன? ககுசான்-நி அம்மையார் பதின்மூன்றாம் நூற்றாண்டில் செய்ததை, சட்டமும் காவல் நிலையமும் தொலைபேசியும் உடைய நாம் செய்தல் அரிதன்று. அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கு வாசிக்கும்போது, விளக்கு அலங்காரத்துக்கு எழுதும் தொகைக்குக் கீழே இவ்வறைக்கென்று ஒரு வரி எழுதப்படுமாயின், காமகுரா சென்று காணவேண்டியதில் பெரும்பகுதியை அவ்வூரார் தம் ஊரிலேயே கண்டவராவர்.