யார் செலவில் போனோம்?

ஆடிட்டிங் புத்தகத்தில் வவுச்சிங் என்று ஒரு அத்தியாயம். ரசீது இல்லாத செலவை ஆடிட்டர் ஒத்துக்கொள்ளக் கூடாதாம். சரி, செலவே நம் கணக்கில் ஏறவில்லை, வேறொருவர் கொடுத்துவிட்டார் என்றால்? இந்தக் கேள்வி வந்ததும் போன வருஷத்துப் பாண்டிச்சேரி டிரிப் ஞாபகம் வந்துவிட்டது. அதற்கப்புறம் படிப்பு ஓடவில்லை.

போன வருஷம் நான் எங்கள் டிபார்ட்மென்ட் மன்றத்தின் பொருளாளர். ஆண்டு மலர் அடிக்க மூன்று கொட்டேஷன் வாங்கியிருந்தோம். அதில் தி.நகர் பிரஸ்காரர் ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை நிர்வாகிகள் நாலு பேரையும் தன் காரில் ஈ.சி.ஆர். வழியாகப் பாண்டிச்சேரி கூட்டிப்போனார். மத்தியானம் மீன் சாப்பாடு. ஆர்டர் அவருக்கே போனது, அடையாறு கடையைவிட 2,000 ரூபாய் அதிகத்துக்கு. "இவர்கிட்ட பைண்டிங் நல்லா இருக்கும்" என்று கூட்டத்தில் பேசியது நான்தான். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினேன். பைண்டிங்கை நம்பினேனா மீனை நம்பினேனா என்று இன்றைக்கு எனக்கே தெரியவில்லை :-(

நம் எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் விஷயத்திலும் எனக்கு இருக்கும் பயம் இதுதான். தேர்தலில் நிற்கிறவர் வீட்டில் எத்தனை கிராம் நகை, அவர்மேல் என்ன வழக்கு என்பதை லஸ் கார்னரில் பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் பார்த்துவிடலாம். 2002லும் 2003லும் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புகளின் புண்ணியம். ஆனால் ஜெயித்த பிறகு யார் செலவில் எங்கே போனார் என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. ராஜ்யசபாவில் உறுப்பினர்களின் நலன்களைப் பதியும் பதிவேடு ஒன்று உண்டு. கம்பெனி இயக்குநர் பதவி, கட்டுப்படுத்தும் அளவு பங்குகள் என்று ஐந்து தலைப்புகள். பயணம் அதில் இல்லை.

வெளிநாட்டார் செலவு என்றால் மட்டும் சட்டம் குறுக்கே நிற்கிறது. 2010ஆம் வருஷத்து வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி, வெளிநாட்டில் அப்படிப்பட்ட உபசரிப்பை ஏற்க மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். போன இடத்தில் திடீரென்று உடம்புக்கு வந்து எடுக்கும் சிகிச்சைக்கு மட்டும் விலக்கு. நல்ல சட்டம்தான். ஆனால் அது அரசாங்கத்திடம் கேட்பது, ஓட்டுப் போட்டவனிடம் சொல்வது அல்ல. உள்ளூர் முதலாளி தன் சொந்த விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனால் அந்தப் பிரிவு அங்கே எட்டியும் பார்க்காது. சாதாரண ஆள் வருஷத்தில் 2 லட்சத்துக்கு மேல் வெளிநாட்டுப் பயணத்துக்குச் செலவு செய்தால், வருமானம் வரம்புக்குக் கீழே இருந்தாலும் ரிட்டர்ன் போட வேண்டும் என்று 2019ல் திருத்தம் கொண்டுவந்தார்கள். அவன் மட்டும் சொல்ல வேண்டும்!

அமெரிக்காவில் இந்தப் பயணப் படிவங்கள் முன்பு காகிதக் கட்டுகளாகக் கிடந்தன. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக மாணவர்களும் சேர்ந்து அவற்றைப் புரட்டி 2006ல் கணக்குச் சொன்னார்கள்: ஐந்தரை வருஷத்தில் சுமார் 23,000 பயணங்கள், கிட்டத்தட்ட 5 கோடி டாலர், எல்லாம் அடுத்தவர் காசு. 2007ல் சட்டம் வந்தது. இப்போது அங்கே பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஊர் திரும்பி 15 நாளுக்குள் படிவம் கொடுக்க வேண்டும். அது இணையத்தில் ஏறிவிடும், மயிலாப்பூரிலிருந்து நான்கூடப் பார்க்கலாம். மாணவர்கள் செய்த வேலை என்பதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை.

"நாலு ஊர் பார்த்தாத்தானேடா புத்தி வரும்" என்கிறார் மாமா. போகட்டும் மாமா, வேண்டாம் என்று யார் சொன்னது? யார் டிக்கெட் என்று மட்டும் எழுதிவைக்கட்டும்.

மாமாவிடம் வாய் கிழியப் பேசிவிட்டு நான் சும்மா இருக்க முடியுமா? புதுப் பொருளாளரிடம் பழைய கணக்கு நோட்டை வாங்கி, கடைசிப் பக்கத்தில் தேதி, பாண்டிச்சேரி, நாலு பேர், கார், சாப்பாடு, கொடுத்தவர் பிரஸ்காரர் என்று எழுதினேன். தொகை தெரியாததால் அவருக்கே போன் போட்டேன். "அட, அதையெல்லாமா தம்பி கணக்கு வெச்சிருப்பாங்க?" என்று சிரித்தார். அந்தக் கட்டம் காலியாகத்தான் இருக்கிறது. என்னோடு காரில் வந்த பழைய செயலாளர் இரண்டு நாளாக என்னிடம் பேசுவதில்லை.