தம்பிக்கு வேட்டி மாத்துறது யார் வேலை?

2022 ஜூலை 28-லேர்ந்து ஆகஸ்ட் 10 வரைக்கும் மாமல்லபுரத்துல 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்துச்சு. முதல்ல ரஷ்யாவுல நடக்க வேண்டியது. உக்ரைன் போர் வந்ததால அங்கேர்ந்து எடுத்து இங்க குடுத்தாங்க. இந்தியாவுல அந்தப் போட்டி நடந்தது அதுதான் முதல் தடவை. யார் ஜெயிச்சாங்கன்னு கேட்டா பாதிப் பேர் தலையைச் சொறிவாங்க (ஓபன்ல உஸ்பெகிஸ்தான், பெண்கள்ல உக்ரைன்). மஸ்காட் பேரு என்னன்னு கேட்டா மட்டும் டக்குனு பதில் வரும். தம்பி!

சதுரங்கக் குதிரைக்கு வெள்ளைச் சட்டை, வேட்டி. ரெண்டு கையும் கூப்பி ஒரு வணக்கம். அவ்ளோதான் தம்பி. டீக்கடையில, பஸ்ல தெரியாத பையனைக் கூப்பிடுற அதே பேரு. அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல சென்னையில ஆசிய சாம்பியன்ஸ் டிராபி ஹாக்கி நடந்தப்போ 'பொம்மன்'னு ஒரு யானை வந்துச்சு. 2024 ஜனவரியில நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுக்கு வேலு நாச்சியார். இவங்களுக்கெல்லாம் பெரியப்பா யாருன்னா, 1982 டெல்லி ஆசிய விளையாட்டுல வந்த அப்பு யானைதான்.

இப்படி ஒரு உருவம் வெளிய வந்தா வரையத் தெரிஞ்ச பசங்களுக்குக் கை சும்மா இருக்காது. போன்ல ஐபிஸ் பெயின்ட், கம்ப்யூட்டர் இருந்தா கிரிட்டா. ரெண்டுமே காசு இல்லாம கிடைக்குது. தம்பிக்கு முறுக்கு மீசை வைக்கலாம், பொம்மன் தலையில கோல்கீப்பர் ஹெல்மெட் மாட்டலாம். இதுக்குப் பேரு ஃபேன் ஆர்ட். "எவனோ வரைஞ்சதைப் பார்த்து வரையறது ஒரு வேலையா?"ன்னு வீட்டுல திட்டும் விழும். ஆரணியில மட்டும் அப்படித் திட்டுறது கொஞ்சம் கஷ்டம். ஏன்னா, இருக்குற உருவத்தைக் கட்டம் கட்டமா மாத்தி வரையறதுதான் அந்த ஊர்ல பல வீட்டுல சோறு போடுற தொழில்.

பட்டுச்சேலை பார்டர்ல ஒரு மயில் வருதுன்னா அது தறியில தானா வந்து உக்காராது. முதல்ல கிராஃப் பேப்பர்ல வரையணும். கட்டத்தை நிரப்பினா ஒரு அர்த்தம், காலியா விட்டா இன்னொரு அர்த்தம். அதைப் பார்த்து அட்டையில ஓட்டை போடுவாங்க. அந்த அட்டைகளை வரிசையாக் கோத்து தறிக்கு மேல இருக்குற ஜக்கார்டு பெட்டியில மாட்டுவாங்க. ஓட்டை இருக்குற இடத்துல பாவு நூல் தூக்கும், இல்லாத இடத்துல தூக்காது. ஊடை ஒரு தடவை ஓட ஒரு அட்டை. பிரான்ஸ்ல ஜக்கார்டுங்கறவர் 1804-ல கொண்டு வந்த முறை இது. இப்போ கிராஃப் வேலை நிறைய கம்ப்யூட்டருக்குப் போயிடுச்சு. ஆனா கணக்கு மாறல. உண்டு, இல்லை. ரெண்டே ரெண்டுதான். யோசிச்சுப் பார்த்தா டிஜிட்டல் படமும் இதேதானே?

அந்த ஊர்ல பி.காம். படிக்கிற ஒரு பொண்ணு. அப்பா தறிக்கு கிராஃப் போடுறவர். அவ ஒரு நாள் தம்பிக்கு ஆரணிப் பட்டு வேட்டி கட்டி வரைஞ்சா. பார்டர்ல வரிசையா மயில், ஜரிகைக்குத் தங்கக் கலர், குதிரை கழுத்துல ஒரு அங்கவஸ்திரம். ரெண்டு ராத்திரி வேலை. அப்பாகிட்ட போனை நீட்டினா. அவர் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டுப் பார்த்தார்.

"குதிரை நல்லாத்தான் கீது. பார்டர்தான் பொய் சொல்லுது."

"என்னாப்பா பொய்? நீ போட்ட மயில்தான் அது."

"வேட்டி மடியுற எடத்துலயும் மயில் நேரா நிக்குது பாரு. துணி மடிஞ்சா மயிலும் மடியணுமா வாணாமா?"

வரையறவங்க நிறைய பேர் சறுக்குற இடம் இது. டிசைனைத் தனியா செஞ்சு, ஒரு லேயர்ல வெச்சு, வேட்டி மேல அப்படியே ஒட்டிடுறது. ஸ்டிக்கர் மாதிரி நிக்கும். துணிக்குள்ள மடிப்பு இருக்கு, மடிப்புக்குள்ள பாதி மயில் மறையும், வெளிச்சம் படுற மேட்டுல மட்டும் ஜரிகை மின்னும். பட்டுல பாவு ஒரு கலர், ஊடை ஒரு கலர் போட்டா, பார்க்குற கோணத்துக்கு ஏத்த மாதிரி நிறம் மாறும். அதை ஒரே கலர் அடிச்சுக் காட்ட முடியாது.

அவர் இன்னொண்ணும் சொன்னார். "இத சின்னதாக்கிக் காமி." அவ படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கினா. மயில் எல்லாம் சேர்ந்து வேட்டி ஓரத்துல அழுக்கு ஒட்டின மாதிரி ஆயிடுச்சு. "தூரத்துல கரைன்னு தெரியணும். கிட்ட வந்தாத்தான் மயில்." அவ ஒரு தடிச்ச கோடு போட்டு, அதுக்கு மேல மட்டும் மயிலை விட்டா. சரியா வந்துச்சு.

மஸ்காட்டை மாத்தி வரையறதுல மொத்த சூட்சுமமும் இதுக்குள்ள அடங்கிடும். படம் முழுக்கக் கறுப்பு அடிச்சுப் பாருங்க. வெறும் நிழலைப் பார்த்தாலே 'இது தம்பி'ன்னு தெரிஞ்சா பிழைச்சீங்க. குதிரைத் தலை, கூப்பின கை, வேட்டி. இந்த மூணையும் தொடாம மத்ததை எவ்வளவு வேணா மாத்தலாம். தலையை மாத்தினா அது வேற ஆள், வேற பேரு வைங்க. வேலு நாச்சியார் மாதிரி நிஜ மனுஷி மஸ்காட்டா வந்தா இன்னும் ஜாக்கிரதை. யானைக்குத் தொப்பை வரைஞ்சா சிரிப்பாங்க, ராணிக்கு வரைஞ்சா சிரிக்க மாட்டாங்க :-)

இதுவரைக்கும் பிரச்சினை இல்ல. பிரச்சினை கிளாஸ்ல வந்துச்சு. படத்தைப் பார்த்த பசங்க, "செமயா இருக்கு, டிப்பார்ட்மென்ட் கபடி டீமுக்கு இதையே டி-ஷர்ட்ல அடிச்சுடலாம். ஆளுக்கு இவ்வளவுன்னு வசூல் பண்ணி உனக்கும் ஒரு பங்கு"ன்னு ஆரம்பிச்சாங்க. முதல் சம்பாத்தியம்! யாருக்குத்தான் ஆசை வராது?

இந்த இடத்துல அமெரிக்காக் கதை ஒண்ணு. பிலடெல்ஃபியா பில்லீஸ்னு ஒரு பேஸ்பால் டீம். 1978-ல அவங்களுக்கு 'ஃபனாட்டிக்'னு ஒரு பச்சை மஸ்காட் செஞ்சு குடுத்தாங்க ஒரு தம்பதி. உடுப்பு மட்டும்னா 3,900 டாலர், காப்பிரைட்டோட சேர்த்து 5,200 டாலர். டீம்காரங்க உடுப்பு மட்டும் போதும்னு 1,300 டாலரை மிச்சம் பிடிச்சாங்க. மஸ்காட் ஹிட் ஆச்சு. 1984-ல அதே காப்பிரைட்டை 2 லட்சம் டாலருக்கு மேல குடுத்து வாங்க வேண்டியதாப் போச்சு. அதோட முடியல. அங்க உள்ள சட்டப்படி, எழுதிக் குடுத்த உரிமையைப் படைச்சவங்க 35 வருஷம் கழிச்சுத் திரும்பக் கேக்கலாம். கேட்டாங்க. வழக்கு போயிட்டிருக்கும்போதே 2020-ல டீம்காரங்க ஃபனாட்டிக்கைக் கொஞ்சம் மாத்திக் களத்துல விட்டாங்க. வாலை மாத்தி, கண்ணைச் சுத்தி நட்சத்திரம் வெச்சு. ரசிகர்களுக்குப் பிடிக்கல. 2021-ல சமாதானம் ஆகி, பழைய ஃபனாட்டிக்கே திரும்ப வந்துச்சு. பணம் வெச்சிருக்குற டீமே மாத்தி வரைஞ்சும் தப்பிக்க முடியல.

இந்தியாவுல? 1957 காப்பிரைட் சட்டப்படி ஒரு ஓவியத்தைத் தழுவி இன்னொண்ணு செய்யற உரிமையும் உரிமையாளருக்குத்தான். சொந்த உபயோகத்துக்கு, விமர்சனத்துக்குன்னு சில விலக்கு உண்டு. டி-ஷர்ட் வித்துக் காசு பாக்குறது அதுல வராது. பசங்க மூஞ்சி தொங்கிப் போச்சு.

அவ அப்பா மட்டும் ஆச்சரியப்படல. வருஷக்கணக்குக்கு முன்னாடி அவர் போட்ட ஒரு பார்டர் நல்லா ஓடி, கொஞ்ச நாள்ல வேற வேற கடையில அதே பார்டர் தொங்கியிருக்கு. "கிராஃபுக்குக் கூலி குட்த்தாங்க. அதோட முடிஞ்சிச்சும்மா." அவர்கிட்ட கோபம் இல்ல, அதுதான் கேக்கக் கஷ்டமா இருந்துச்சு. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கு. ஆனா அது காப்பாத்துறது ஊர்ப் பேரை, ஒருத்தர் போட்ட மயிலை இல்ல. மயிலைக் காப்பாத்தணும்னா 2000-ம் வருஷ டிசைன் சட்டத்துல பதியணும். முதல்ல 10 வருஷம், அப்புறம் 5 வருஷம் நீட்டிக்கலாம். பதியக்கூடிய டிசைனைப் பதியாம விட்டுட்டு, அதை வெச்சுத் தொழில்முறையில 50-க்கு மேல பொருள் செஞ்சுட்டா, காப்பிரைட்டும் போயிடும். 'மெர்க்கன்டைல் லா' பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணி மறந்துபோற விஷயம் எல்லாம் வீட்டுக் கூடத்துல வந்து உக்காந்துக்குது பாருங்க.

கூலிக்கு வரைஞ்சவரோட கதை இது. ரசிச்சு வரையறவங்களுக்கு ரெண்டு பக்கமும் பாடம் இருக்கு. அடுத்தவன் உருவத்துல கை பழகலாம், தப்பே இல்ல. கிராஃப் போடுறவங்களும் பழைய யாளியையும் அன்னத்தையும் பார்த்துப் பார்த்துத்தான் பழகினாங்க. கத்துக்க தம்பி போதும். காசு வாங்கணும்னா சொந்தமா ஒருத்தன் வேணும்.

அந்தப் பொண்ணு டி-ஷர்ட்டுக்குத் தம்பியைக் குடுக்கல. அவனைச் சும்மா பார்க்கறதுக்கு விட்டுட்டா, கீழ 'செஸ் ஒலிம்பியாட் 2022 மஸ்காட்டைப் பார்த்து வரைஞ்சது'ன்னு எழுதி. கபடி டீமுக்குப் புதுசா ஒண்ணு வரைஞ்சா. தறியில ஓடுற நாடா இருக்கே, அதுக்குக் காலும் கண்ணும் வெச்சு, இடுப்புல ஒரு துண்டு கட்டி. அந்தப் பக்கம் போய், மாட்டிக்காம இந்தப் பக்கம் திரும்பி வரணும். நாடாவுக்கும் ரெய்டருக்கும் அதே வேலைதானே! நிழல் மட்டும் பார்த்தாலும் நாடான்னு தெரிஞ்சுது. சுருக்கினாலும் அழுக்கு ஆகல.

அப்புறம் ஒரு வெள்ளைத் தாள்ல நாலு வரி. படம் அவளோடது, டீம் ரெண்டு வருஷம் உபயோகிச்சுக்கலாம், ஓரத்துல அவ பேரு இருக்கணும், தொகை இவ்வளவு. காப்பிரைட்டை மாத்திக் குடுக்கறதுன்னா எழுத்துல இருந்தாத்தான் செல்லும். எத்தனை வருஷம்னு எழுதாம விட்டா 5 வருஷம்னு சட்டமே எடுத்துக்கும். டீம் கேப்டன் சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டான். சிரிக்கட்டும். 1,300 டாலரை மிச்சம் பிடிச்சவங்களும் அன்னைக்குச் சிரிச்சிருப்பாங்க.