குச்சி இறங்கும் இடம்

"குச்சிய அமுத்தாத தம்பி. அதுவா எறங்கணும்."

பங்குனி ஆமையின் கூட்டைத் தேடிக்கொண்டிருந்த கல்லூரி மாணவரிடம் காப்பாளர் இதை மெல்லத்தான் சொன்னார். சென்னையில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, ஈர மணலை ஒட்டி இரவெல்லாம் நடக்கிற கூட்டம் எங்களுடையது. காப்பாளர் பக்கத்துக் குப்பத்து மீனவர். ஆமை கரையேறும் மாதங்களில் மட்டும் இந்த வேலைக்குக் கூலி உண்டு. மற்ற மாதங்களில் கட்டுமரமும் வலையும்.

தடத்தை முதலில் கண்டதும் அவர்தான். துடுப்புகள் மாறி மாறி ஊன்றிய பள்ளங்கள் கடலிலிருந்து மேலே ஏறி, வளைந்து, மறுபடி கடலுக்கே இறங்கியிருந்தன. உச்சியில் மணல் கலைந்து கிடந்தது. முட்டையிட்ட ஆமை தன் உடம்பாலேயே மணலை இடித்துக் கெட்டிப்படுத்தி, மேலே வாரி இறைத்துவிட்டுத்தான் போகும். வெளிச்சமோ நாயோ ஆளோ கண்டு மிரண்டு, முட்டையிடாமல் திரும்புவதும் உண்டு. அப்போது உச்சியில் இந்தக் கலைசல் இருக்காது. கலைசலுக்குள் கூடு எங்கே என்பதைக் குச்சிதான் சொல்ல வேண்டும். ஆமை தோண்டாத மணல் குச்சியைத் தடுக்கும். தோண்டி மூடிய மணல் விட்டுக்கொடுக்கும். பலம் போட்டு அழுத்தினால் முட்டை உடையும். நாலைந்து இடத்தில் தடுத்த குச்சி ஓரிடத்தில் தானாக இறங்கியது. மாணவர் கையை எடுத்துவிட்டார்.

பிறகு கையாலேயே தோண்டினார்கள். குறுகிய கழுத்து, அகன்ற வயிறு: மணலுக்குள் புதைத்த குடம் போன்ற குழி. முட்டையின் ஓடு தோல் போல இளக்கமானது. விரல் பட்டால் குழிந்து மீளும். ஒவ்வொன்றாக, மேல்பக்கம் கீழாகிவிடாமல் எடுத்துத் துணிப்பையில் வைத்தார்கள். இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் மேல்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பின் புரட்டினால் கரு செத்துவிடும். அதனால்தான் விடியும்வரை காத்திருக்க முடியாது. முட்டைகளைப் பாதுகாத்துப் பொரிக்க வைக்கும் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், அதே வடிவில் புதுக் குழி வெட்ட வேண்டும் என்பதால் காப்பாளர் கையை உள்ளே விட்டு, "ஒரு மொழம், ரெண்டு வெரல்" என்றார். மாணவரின் டேப் 48 சென்டிமீட்டர் காட்டியது.

சென்னைக் கடற்கரையில் இந்த வேலை 1970களின் தொடக்கத்தில் ஆரம்பித்தது. கிண்டிப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கரோடு அப்போது நடந்தவர்களில் ஒருவர் சதீஷ் பாஸ்கர். சென்னை ஐஐடிக்குப் பொறியியல் படிக்க வந்து, அதில் மனம் ஒட்டாமல் கடலுக்குப் போனவர். லட்சத்தீவு, அந்தமான், நிகோபார் என்று இந்தியக் கரையில் சுமார் 4,000 கிலோமீட்டர் நடந்தே ஆமைக் கூடுகளைக் கணக்கெடுத்தார். எந்தக் கரையில் எந்த ஆமை ஏறுகிறது என்று நாட்டுக்கே தெரியாதிருந்த காலம் அது. 1982இல் லட்சத்தீவின் ஆளில்லாத சுஹேலி தீவில், படகே போக முடியாத பருவமழை மாதங்கள் முழுவதும் தனியாகத் தங்கினார். பேராமைகள் அங்கே முட்டையிடுவது அந்த மாதங்களில்தான். மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் புட்டியில் அடைத்துக் கடலில் போட்டார். அது இலங்கை மீனவர் ஒருவர் கையில் கிடைத்து, அவர் வழியாக வீடு வந்து சேர்ந்தது. 2023இல் பாஸ்கர் காலமானார். இன்றைய ஆமை ஆராய்ச்சியாளர்கள் அவர் குறிப்புகளின் மேல்தான் நிற்கிறார்கள். அந்தக் குறிப்புகள் கால்களாலும் கண்களாலும் எழுதப்பட்டவை. குச்சியோடு நடக்கிற இந்த மீனவரையும் அதே துறையைச் சேர்ந்தவராகவே நான் பார்க்கிறேன்.

மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் இந்தக் கரையில் நடக்கிறது. வனத்துறையும் பொரிப்பகங்கள் நடத்துகிறது. பொரிப்பகத்தில் ஒவ்வொரு குழியின் மேலும் ஒரு கூடை கவிழ்த்திருக்கிறது. தேதியும் முட்டை எண்ணிக்கையும் எழுதிய அட்டை அருகில். பெரும்பாலும் நூறை ஒட்டிய எண்கள். 45 நாள் தாண்டியதும் காப்பாளர் தூங்குவதில்லை. குஞ்சுகள் வெளிச்சம் பார்த்து நகர்பவை. ஊரின் விளக்குகள் கடலைவிடப் பிரகாசமாக இருப்பதால், கூடையில்லாவிட்டால் சாலைப் பக்கம் போய்விடும். மேலே நிழல்வலை கட்டியிருந்தார்கள். மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது: சுமார் 30 டிகிரிக்கு மேல் போகப்போகப் பெண்கள் கூடும், குறைந்தால் ஆண்கள்.

கரையில் இத்தனை பக்குவமாகச் செய்யும் வேலையைக் கடல் ஒரே வாரத்தில் அழித்துவிடுகிறது. 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை நுரையீரலால் மூச்சுவிடுவது, அதனால் மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். இழுவலைக்குள் மணிக்கணக்கில் சிக்கினால் நீரிலேயே மூச்சடைத்துச் சாகும். முட்டையிடும் மாதங்களில் கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் இழுவலை கூடாது என்று விதி இருக்கிறது. கிழக்குக் கரையின் 61 நாள் மீன்பிடித் தடையோ ஏப்ரல் 15இல்தான் தொடங்குகிறது. அதற்குள் பெரும்பாலான ஆமைகள் முட்டையிட்டு முடித்திருக்கும்.

"செத்ததையும் எழுதுறோம் சார்," என்றார் காப்பாளர். அவர் நோட்டின் பின்பக்கங்களில் அந்தக் கணக்கு இருந்தது: தேதி, இடம், ஆணா பெண்ணா, ஓட்டின் நீளம். ஒரே ஆமையை மறுநாளும் எண்ணாமலிருக்க ஓட்டில் பெயின்ட் கோடு. "வலைய சீக்கிரம் சீக்கிரம் தூக்கிப் பாத்தாப் போதும்ணே, பாதி பொழச்சிடும்னு போட்டுக்காரங்ககிட்ட சொல்லியிருக்கேன். டீசல் காசு யாரு குடுப்பான்னு கேக்குறாங்க. அதுவும் நியாயம்தான். ஆனா சனவரியிலயே ரோந்து போட்டு வந்தா, லைனுக்குள்ள எவனும் வரமாட்டான்."