மார்கழியில் நான்கு நாள்

தஞ்சைத் தரணியில் குளிர் என்று ஒன்று உண்டா எனக் காஷ்மீரத்திலிருந்து வந்தவர் எவரேனும் கேட்டால் நாம் வாதாட மாட்டோம். ஆனால் மார்கழி மாதத்தில், ஃபஜ்ர் தொழுகை முடித்த கையோடு, வெண்ணாற்றங்கரையில் மிதிவண்டி ஏறிப் பார்த்தவர் நம்மோடு வாதாட வரமாட்டார். இருபுறமும் கதிர் தள்ளி நிற்கும் சம்பா வயல், அதன்மேல் அசையாது கிடக்கும் பனி, எதிரே வாடைக்காற்று. ஹேண்டில்பாரைப் பற்றிய விரல்கள் நம்முடையவைதாமா என்ற ஐயம் அரை நாழிகையில் வந்துவிடும். 2018ஆம் ஆண்டு டிசம்பர் கடைசி வாரத்தில், ஐம்பது வயதைத் தாண்டிய நால்வர் அந்தக் குளிரில் நான்கு நாள் மிதிவண்டி ஓட்டினோம். நம்மைப் பார்த்துச் சிரித்தவர்கள் பலர். அவர்கள்மீது நமக்கு வருத்தமில்லை.

அவ்வாண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியற்பொழுதில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. 1977 நவம்பரில் நாகைப் பக்கம் அடித்த புயலின்போது நமக்குப் பத்து வயது. ஓடுகள் பறந்த வீட்டில் அத்தா இரவெல்லாம் கதவை முதுகால் முட்டுக்கொடுத்து நின்றது நினைவிருக்கிறது. அப்போது தண்ணீரைக் கண்டு அஞ்சினோம். கஜாவோ காற்றைக் கொண்டே கணக்கை முடித்துவிட்டது. பாபநாசம் வட்டாரத்தில் உள்ள நம் ஊர்கள் பெரும்பாலும் தப்பின. பழைய டெல்டாவின் நெல்வயலுக்குப் படுத்து எழத் தெரியும். புதாறு என்று நம் மக்கள் வழங்கும் கல்லணைக் கால்வாய் 1934இல் வந்தபிறகு செழித்த ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் நிலைமை வேறு. அங்கே குடும்பங்களின் வங்கியும் மகளின் சீரும் மகனின் படிப்பும் தென்னைதான். தென்னை விழுந்தால் எழாது.

ஐந்து வாரம் கழிந்தபின் நாம் ஏன் புறப்பட்டோம் என்று கேட்கலாம். முதல் இரண்டு வாரங்களில் லாரி லாரியாக உதவி வந்தது. வந்ததெல்லாம் சாலையோரத்து ஊர்களிலேயே இறங்கிவிட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்த நாட்டில், வாய்க்கால் கரையோடு இரண்டு மைல் உள்ளே தோப்புக்குள் இருக்கும் நான்கு வீடுகளை யார் தேடிப் போவார்கள்? லாரி போகாத இடத்துக்கு மிதிவண்டி போகும். யோசனை நம் ஊர் ஜவுளிக்கடைக்காரருடையது. போர்வைகளையும் தார்ப்பாய்களையும் அடக்க விலைக்கே கொடுத்தவரும் அவரே. மேலைநாடுகளில் நற்பணிக்காக மிதிவண்டி ஓட்டுவோருக்கு மைலுக்கு இவ்வளவு என்று வேண்டியவர்கள் பணம் தருவது வழக்கமாம். சிங்கப்பூரிலிருக்கும் அவர் மகனும் அவன் நண்பர்களும் கிலோமீட்டருக்கு நூறு ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். நமக்கு இதில் முதலில் மனம் ஒப்பவில்லை. ஸதகாவை வியர்வையின் அளவுகோலால் அளப்பதா என்று கேட்டோம். “ஹஜ்ரத், அவர்கள் அளக்கட்டும், நாம் மிதிப்போம்” என்றார் கடைக்காரர். நான்கு நாளில் ஏறத்தாழ 180 கிலோமீட்டர் மிதித்தோம். அவருடைய பேச்சில் பிழை ஒன்றும் நமக்கு இன்றுவரை அகப்படவில்லை.

மற்ற இருவரில் ஒருவர் முப்பதாண்டு நண்பரான தமிழ்ப் புலவர். திருநீறு துலங்கும் நெற்றியோடு நம் மதரஸாப் பிள்ளைகளுக்கு யாப்பு சொல்லித் தந்தவர். மற்றவர் நம்மோடு ஒரே பாயில் அமர்ந்து கிதாபு ஓதிய மவ்லவி. கடற்கரை ஊர்க்காரர், ஷாஃபிஈ. நாமோ ஹனஃபி. பயணம் முழுதும் இவ்விருவரின் வழக்கைக் கேட்டுக் கேட்டுப் புலவர் பாதி ஆலிமாகிவிட்டார்.

முதல்நாள் வலங்கைமான், நீடாமங்கலம் வழியாக மன்னார்குடி. நீடாமங்கலம் அருகே வெண்ணாறும் கோரையாறும் பாமணியாறும் பிரியும் மூணாறு தலைப்பில் நின்று மூச்சு வாங்கினோம். கடைக்காரர் வண்டியில் செயின் கழன்றதும், நமக்கு இரு முறை பஞ்சர் ஆனதும் எழுதத்தக்க செய்திகள் அல்ல. மறுநாள் முத்துப்பேட்டை சேர்ந்தபோது இருட்டிவிட்டது. பள்ளிவாசல் வராந்தாவில் படுத்தோம். வைகறையில் ஹவுளுத் தண்ணீரில் கை வைத்தபோதுதான், கூரையற்ற வீட்டில் கைக்குழந்தையோடு இருப்பவளுக்கு இந்த ஐந்து வாரமும் எப்படிக் கழிந்திருக்கும் என்பது நம் புத்திக்கு எட்டாமல் தோலுக்கு எட்டியது.

முன்கூட்டியே சிறு லாரியில் அனுப்பியிருந்த சுமைகளை அங்கே பிரித்து, ஆளுக்குப் பத்துப் போர்வை கேரியரில் கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தோம். தோப்புகளின் காட்சியை எப்படிச் சொல்வது! நட்டவன் பிடித்த வரிசை குலையாமல், ஒரே திசையில் தலைவைத்து, நூறு நூறாக மரங்கள் படுத்திருந்தன. அரசு அறிவித்த தொகை மரம் ஒன்றுக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய். முப்பது வருடத்து மரத்தை ஆயிரத்து நூறு என்று காகிதத்தில் எழுதிக்கொள்ளலாம். கன்று வைத்தால் காய் பார்க்கக் குறைந்தது ஐந்தாறு ஆண்டு வேண்டும். அதுவரை உலை எதனால் கொதிக்கும்?

மல்லிப்பட்டினத்தில் உடைந்த படகுகளின் அருகே நம் பழைய வழக்கு மூண்டது. ஜகாத் பெறத் தகுந்தோரில் ‘ஃபகீர்’ என்பார் ஒருவர், ‘மிஸ்கீன்’ என்பார் ஒருவர். இருவரில் யார் அதிக ஏழை? ஒன்றுமே இல்லாதவன் மிஸ்கீன் என்பது நம் மத்ஹபு. ஃபகீரே அதிக ஏழை, மிஸ்கீனிடம் போதாத பொருளாவது கொஞ்சம் இருக்கும் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. கஹ்ஃபு அத்தியாயத்தில் வரும் கப்பல்காரர்கள் அவர்களுக்குச் சான்று: கப்பலுக்குச் சொந்தக்காரர்களையே மிஸ்கீன்கள் என்கிறது திருமறை. கப்பல் அவர்களுடையதன்று, கூலிக்கு ஓட்டினார்கள் என்று நாம் மறுமொழி சொல்வது வழக்கம். அன்று நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. அடிப்பலகை பிளந்து கிடந்த படகையும் அதன்மேல் அமர்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்த அதன் சொந்தக்காரரையும் கண்ணால் காட்டினார். நாம் மறுமொழி சொல்லவில்லை.

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே ஒரு சிற்றூரில், தோப்புக்காரப் பெரியவர் ஒருவர் நம்மை அடையாளம் கண்டுகொண்டார். நமக்கும் அவரைத் தெரியும். இளமையில் மதரஸாவுக்காகத் தேங்காய் திரட்ட வந்தபோதெல்லாம், கேட்பதற்கு முன்பே இருநூறு காய் எண்ணி வண்டியில் ஏற்றுவார். இப்போது வீட்டுக்குக் கூரை இல்லை. ஒரு பாதியில் தார்ப்பாய், மறு பாதியில் தென்னங்கீற்று. மனைவி கயிற்றுக்கட்டிலில் பழைய சேலை இரண்டைப் போர்த்தி இருமிக்கொண்டிருந்தார். பெரியவர் தேநீர் தந்தார். பின்பு உள்ளே சென்று ஐந்நூறு ரூபாய்த் தாளைக் கொணர்ந்து, “மீனவப் பிள்ளைகளுக்குச் சேர்த்துவிடுங்கள்” என்று நம் துண்டில் வைத்தார்.

மறுத்தால் அவர் முகம் என்னாகும்? வாங்கினால் நாம் யார்? வாங்கிக்கொண்டோம். கேரியரில் இருந்த போர்வைகளோ, அவிழ்க்க முடியாத முடிச்சாகிவிட்டன. எத்தனையோ பேருக்கு எளிதாக நீட்டிய கை அங்கே நீளவில்லை. கடைசியில், “ஹாஜியார், இரண்டு போர்வை மிஞ்சிப் போயிற்று, ஒரத்தநாடு வழியே தஞ்சாவூர் போக வேண்டும், பாரம். அமானத்தாக இங்கே வைத்துப் போகிறோம்” என்றோம்.

பெரியவர் நம்மை நெடுநேரம் பார்த்தார். அவரும் சிறுவயதில் ஓதியவர்தாம். “அமானத்தை எடுத்து உபயோகிக்கக் கூடாதே, ஹஜ்ரத்” என்றார்.

ஓதிக்கொடுக்கும் நமக்கு அது உறைக்காமல் போயிற்று. சட்டென்று, “அப்படியானால் ஆரிய்யத்தாக வைத்துக்கொள்ளுங்கள், இரவல்” என்றோம்.

“உபயோகத்தில் தேய்ந்தால்?”

“அதற்குப் பொறுப்பில்லை” என்றார் ஷாஃபிஈ நண்பர், நமக்கு முன்பாக. அந்த ஒன்றில் இரு மத்ஹபும் அன்று ஒத்துப்போயின.

பெரியவர் சிரித்தார். போர்வைகளை அவரே அவிழ்த்து வாங்கிக்கொண்டார். வரும் வழியில் ஐந்நூறு ரூபாயை வாங்கியது சரியா என்று கடைக்காரர் நம்மைக் குடைந்தெடுத்தார். புலவர் மட்டும், “அதை வாங்காவிட்டால் இதை அவர் வாங்கியிருக்க மாட்டார்” என்று சொல்லிவிட்டு, முன்னே மிதித்துப் போய்விட்டார். தஞ்சாவூர் வரும்வரை எதிர்க்காற்று, எவரும் பேசவில்லை.

குளிர் நீங்கிப் பங்குனி வெயில் ஏறத் தொடங்கிய ஒருநாள், மதரஸா வாசலில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போனான் ஒரு பையன். பிரித்தோம். இரண்டு போர்வைகளும் சோப்புப் போட்டுத் துவைத்து, மடித்து வந்திருந்தன. ஒன்றின் ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிசல் நெருக்கமாகத் தைக்கப்பட்டிருந்தது. நூல் வெளுத்திருந்ததைப் பார்த்தால் பல முறை துவைபட்ட தையல். கட்டிலில் கிடந்த அந்த அம்மாளின் கையாக இருக்க வேண்டும். கேரியரில் உராய்ந்து கிழிந்த கிழிசல் அது. கொடுக்கும்போது நாம் அதைக் கவனிக்கவில்லை.