தொங்கும் துணியும் தேர்ந்த கையும்

சென்னை வெயிலில் நிற்கும் கார் என்றால், பெயின்ட் மங்குவதற்கு முன்பே உள்ளே ரூஃப் லைனிங் அதன் வயதைச் சொல்லிவிடும். முதலில் பின் சீட்டுக்கு மேலே சின்னக் குமிழ் கிளம்பும். அடுத்த கோடையில் துணி தாழ்ந்து உட்காருபவர் தலையைத் தொடும். அப்படியே விட்டால் பின்னால் வரும் வண்டியையும் மறைத்துவிடும். எங்கள் வண்டிக்கும் இது வந்தது. எந்தக் கடையில் கொடுப்பது என்று ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கடை கடையாக ஏறி இறங்கினேன்.

பழைய அம்பாசடரில் மேல் துணியைக் குறுக்குக் கம்பிகளில் கோத்து இழுத்துக் கட்டியிருப்பார்கள். இன்றைய கார்களில் கம்பி கிடையாது. கூரை வடிவத்துக்கு வார்த்த ஒரு போர்டு, அதன்மேல் 3 மில்லிமீட்டர் அளவில் பாலியூரித்தேன் ஃபோம், அதோடு ஒட்டிய துணி, அவ்வளவுதான். மூடிய காருக்குள் வெயில் நேரத்தில் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தொடும். கடற்கரை ஊரின் ஈரக்காற்றும் சேர்ந்துகொள்ள, அந்த ஃபோம் ஆண்டுக்கணக்கில் சிதைந்து பொடியாகிறது. பிடிமானம் போன துணி தொங்குகிறது.

“கழட்டவே வேணாம் சார், ஊசியில பசை ஏத்தி அழுத்திட்டா ஒரு மணி நேர வேலை” என்றார் ஒரு கடைக்காரர். இன்னொருவர் வரிசையாக பட்டன் அடித்துத் தருவதாகச் சொன்னார். அடுத்த கடையில் இருந்த பெரியவர் விலை எதுவும் பேசவில்லை. தொங்கிய துணியின் ஓரத்தை விலக்கி விரலால் தேய்த்து, ஒட்டிக்கொண்ட பழுப்புப் பொடியைக் காட்டினார். “பசை விடல சார், ஃபோமே செத்துப்போச்சு. இதுமேல எதை ஒட்டினாலும் பொடிமேலதான் ஒட்டும்.” வண்டியை அவரிடம் விடுவதென்று அங்கேயே முடிவு செய்தேன்.

ஆனாலும் சில கேள்விகளைக் கேட்டேன். போர்டை எந்த வழியாக வெளியே எடுப்பீர்கள் என்பதுதான் அதில் முக்கியம். அவசரப்பட்டு வளைத்து இழுத்தால் போர்டு மடிந்துவிடும். அந்த மடிப்புத் தழும்பு புதுத் துணிக்கு மேலும் தெரியும். முன் சீட்டுகளை முழுக்கச் சாய்த்து, எந்தக் கதவு வழியாக எந்தக் கோணத்தில் எடுப்பார் என்பதைப் பெரியவர் கையாலேயே வரைந்து காட்டினார். பல வண்டிகளில் பக்கவாட்டு ஏர்பேக் கூரை ஓரத்தில்தான் மடித்து வைக்கப்பட்டிருக்கும். கதவோரத் தூண்களின் உறையைக் கழற்றும் முன் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டுச் சற்றுநேரம் காத்திருக்க வேண்டும் என்பதை நான் கேட்காமலே சொன்னார். அதைத் தெரியாதவர் கையில் வண்டியைக் கொடுக்கக் கூடாது. துணி தொங்குவது கண்ணுக்குத்தான் உறுத்தல். ஏர்பேக் சரியாக விரியாமல் போனால் உயிருக்கே ஆபத்து.

அவர் பட்டறையில் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பழைய ஃபோமைப் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து எடுப்பதிலேயே பெரும்பொழுது போனது. பிறகு சூடு தாங்கும் பசையைப் போர்டிலும் துணியின் ஃபோம் பக்கத்திலும் அடித்து, ஈரம் போய்ப் பிசுபிசுப்பு வரும்வரை காத்திருந்தார்கள். நடுவில் பதித்து, உள்ளங்கையால் ஓரங்களை நோக்கி நீவிக்கொண்டே போனார்கள். விளக்குக்கும் கைப்பிடிக்கும் துளைகளைக் கடைசியில்தான் வெட்டினார்கள்.

எனவே விலை விசாரிக்கும்போது மொத்தத் தொகையோடு நிற்காதீர்கள். போர்டைக் கழற்றுவார்களா, பழைய ஃபோமை முழுக்கச் சுரண்டுவார்களா, புதுத் துணி ஃபோமோடு வருவதா, எந்தப் பசை என்று தனித்தனியாகக் கேளுங்கள். முன்பு செய்த வண்டி ஏதாவது ஒரு கோடையைக் கடந்து வந்திருந்தால் அதைக் காட்டச் சொல்லுங்கள். நேற்று ஒட்டிய எதுவும் இன்று அழகாகத்தான் இருக்கும். இந்தத் தொழிலில் துணியின் விலை கொஞ்சம், கைவேலையின் விலை அதிகம். சுரண்டும் வேலை முடிந்தபின் யார் கண்ணுக்கும் தெரியாது. அதைக் குறைக்காமல் செய்பவர் கேட்கும் கூலியையும் அவகாசத்தையும் பேரம் பேசாமல் கொடுப்பதே நியாயம்.